கூரை ஒழுகுவது அழகு என்றாள் என் மகள்

பதுளை,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பும் அதட்டலும் ஒருசேர வாய்த்த என் மூத்த சகோதரி மீனாம்பாள் அக்கா அவர்களுக்கு, தம்பி சிதம்பரநாதன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மகள் துவாரகாவும் நமது ஹார்ட்வெயார் கடையும் நலம். மொனராகலையில் தாங்களும் அத்தானும் அவ்வூர் வெயிலும் நலமென்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் இங்கே தும்மினால் உங்கள் பக்கத்து வீட்டார் சுகம் விசாரிக்கிறார்கள்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. துவாரகா உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்குப் பேய்க்கதை எதுக்குடா? காமர்ஸுக்கு மாத்து, நாளைக்குக் கடையப் பாத்துக்குவா" என்று போன மாதம் உத்தரவிட்டீர்கள். பாடம் மாற்றும் படிவத்தை வாங்கி வந்தேன். தகப்பன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, திங்கட்கிழமை கடைசி நாள். தாயில்லாத பிள்ளை, எனக்குக் கை வரவில்லை. அதனால் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

அவள் படிக்கிற நாவல் இருநூறு வருஷம் பழையதாம். மலைமேல் இடிந்த கல்மாளிகை, மூடுபனி, தானாகக் கிரீச்சிடும் கதவு, எல்லாம் உண்டு. மாளிகைக்காரன், முகம் கோணலாய்ப் பிறந்த தன் சொந்த மகனை மாடியறையில் பூட்டிவிட்டு, அங்கே பேய் உலாவுகிறது என்று ஊரை நம்பவைக்கிறான். கதையில் இடி இடித்தால் அது வானத்தில் இடிக்கவில்லை, ஆளின் மனசுக்குள் இடிக்கிறது என்று நிசாந்தினி டீச்சர் சொல்லிக்கொடுத்துவிட்டார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. நமுனுகுல மலையில் மேகம் திரண்டால் "அப்பா, இன்னிக்கு என்ன கவலை?" என்கிறாள், மழை விட்டால் "கோவம் தணிஞ்சிருச்சா?" என்கிறாள். இந்த மாதம் இங்கே விடாத மழை, ஆகவே நான் ஒரு மாதமாக அழுதுகொண்டிருப்பதாக அவளுடைய கொப்பியில் பதிவாகியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் கூரைத்தகடு வாங்க வந்தார், லயத்தில் அவர் குடியிருக்கிற ஒற்றையறைக் காம்பரா ஒழுகுகிறதாம். நான் சாப்பிடப் போயிருந்தேன், கல்லாவில் இவள். இடிந்த சுவரையும் காற்றுப் புகும் கூரையையும் பார்த்தால் மனுசனுடைய கர்வம் அடங்கும், அதுதான் பெரிய அழகு என்று அந்த நாவல் வந்த ரொமான்டிக் காலத்து ஆட்கள் நினைத்தார்களென்று அவருக்குப் பாடமெடுத்திருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா அந்த அழகு ராவெல்லாம் எங்க பாயில சொட்டுதுங்களே, ஒரு நாளைக்கு வந்து படுத்துப் பாக்குறீங்களா?" என்றாராம். இவள் முகம் செத்துப்போய், தானே வேன் பிடித்துத் தகடுகளை ஏற்றி, கூடவே போய் அந்தக் காம்பராவைப் பார்த்துவிட்டு வந்து, நாவலை எழுதியவரைக் கண்டித்து நான்கு பக்கம் எழுதினாள். கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போனாளே, அதுதான் என் வழக்கு.

புதன்கிழமை பக்கத்துக் கடை இப்றாஹீம் நானா ஓடி வந்தார். "மொதலாளி, ஒங்கட மகள் துன்ஹிந்தை அருவில தண்ணியோட பேசிக்கிட்டு நிக்கிறாவாம்!" யார் பார்த்தது என்றேன். அவருக்கு மருமகன் சொன்னானாம், மருமகனுக்கு பஸ் கண்டக்டர் சொன்னாராம், கண்டக்டருக்கு யாரோ ஒரு பிரயாணி. அந்த நாவலும் இப்படித்தானாம் அக்கா, ஒருத்தன் கடிதத்துக்குள்ளே இன்னொருத்தன் டயரி, டயரிக்குள்ளே வேலைக்காரி சொன்ன கதை, எதை நம்புவதென்று வாசிக்கிறவன் தவிக்க வேண்டுமாம். நான் தவித்தேன். ஓட்டோ பிடித்து, காட்டுப் பாதையில் இறங்கி, வழுக்கி, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்து, போய்ப் பார்த்தால் டீச்சரும் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரும் நிற்கிறார்கள். "அப்பா, இந்த அருவிக்கு முன்னால மனுசன் எவ்வளவு சின்னவன்னு தெரியுதா?" என்றாள். ஒற்றைச் செருப்போடு நின்ற எனக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் புத்தகத்தைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் கத்தவில்லை. "அவனும் இப்படித்தாம்பா பூட்டினான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நீங்கள் சொன்னதே சரி அக்கா, பேய்க்கதை நம் குடும்பத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். இதை நாளைக் காலை மொனராகலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். கதிர்காமத்தான் தங்கள் குடும்பத்தை எல்லாக் குறைகளிலிருந்தும், என்னைத் தங்கள் கோபத்திலிருந்தும் காப்பானாக.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
சிதம்பரநாதன்

பி.கு.: அத்தை, நான் துவாரகா. உறையில் போட்டு ஒட்டச் சொல்லி அப்பா இதை என்னிடம் தந்தார். கதை சொல்கிறவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்பதும் எங்கள் பாடத்தில் இருக்கிறது. புத்தகம் அலுமாரியில் இல்லை. இரண்டு நாளாகப் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாதான் வாசிக்கிறார். கதையில் தகப்பன் குதிரைவண்டியில் போவதைப் பூட்டிவைத்த மகன் ஜன்னலிலிருந்து பார்க்கிற இடத்தில் அழுதுவிட்டு, பெயின்ட் நெடி என்றார். இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எம் புள்ள இதையே படிக்கட்டும்" என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, படிவத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். திரும்பி நடக்கும்போது, "படிச்சிட்டு எங்கயாச்சும் தூரமாப் போயிருவியா?" என்று கேட்டார். "போவேன்பா. ஆனா வந்துருவேன்" என்றேன். கொஞ்ச தூரம் வந்ததும், "சரி, ஒங்க அத்தகிட்ட இத யாரு சொல்றது?" என்றார். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். வாசித்துப் பார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் கடைசித் தாளில் பாதியை வெறுமையாக விட்டு, பேனாவையும் சேர்த்துத்தான் என் கையில் தந்தார்.