முப்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே இழை

வெள்ளைச் சட்டையோடு குழிக்குள் இறங்கி, அதே வெள்ளையோடு ஏறி வந்த மனிதர் அரியலூர் வட்டாரத்தில் ஒருவர்தான். இன்டர்நெட் கேபிள் ஒட்டும் அவரை ‘ஜாயிண்டர்’ என்போம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்க நேரமாகும்.

“சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல எதுக்குங்க இந்த வெள்ளை?” என்று கேட்டேன்.

“வெளிச்சம் போற வழியில கை வெக்கிறோம் சார். அழுக்கா போனா நல்லாவா இருக்குங்க?”

மரியாதை அவருக்கு உடம்போடு ஒட்டியது. ஒயரைக் கடிக்க வந்த ஆட்டிடம்கூட, “கொஞ்சம் தள்ளி மேயுங்க” என்பார். ஆடும் தள்ளிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் அந்த இன்டர்நெட் ஆபீசில் புகார் கேட்கும் நாற்காலியில் இருந்தேன். ஒருநாள் அவரிடம், “முடி கனத்துல ஒரு இழை. அதுல முப்பத்திரண்டு வீடு. முட்டிக்காதா?” என்றேன்.

“முறை இருக்குங்க சார். ஒவ்வொரு வூட்டுப் பெட்டிக்கும் ஒரு துளி நேரம். தன் முறை வந்தா அனுப்பும், அப்புறம் கம்முனு இருக்கும். ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தடவை முறை வந்துடும். அதனால எல்லாரும் தனக்கு மட்டுமே லைன் இருக்குன்னு நெனச்சிக்கிறாங்க.”

செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருபத்து நான்கு வீட்டுக்கு இணைப்பு இருந்தது. அதே இழையில் ஊருக்கு வெளியே இருந்த காலனியின் எட்டு வீடுகளையும் சேர்த்தோம். மறுவாரம் ஒரு இடிமழை. மறுநாள் முப்பத்திரண்டு வீட்டிலும் நெட் போய்விட்டது.

அந்த ஊர்த் தெருவின் பெரிய வீட்டுக்காரர் போனில் வந்தார். “காலனிக்குக் குடுத்தீங்க, எங்க தெருவே படுத்துடுச்சு. அந்த எட்டையும் அவுத்து விடுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜாயிண்டரைப் பார்த்தேன். “ரெண்டு நாளைக்கு அந்த எட்டையும் நிறுத்தி வைங்களேன்” என்றேன்.

“மாட்டேன் சார்,” என்றார். ஆட்டுக்குக் கொடுத்த ‘ங்க’ எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் போய்க் கம்பத்துப் பெட்டியைத் திறந்தார். ஆபீசில் என் திரையில் முப்பத்திரண்டு சிவப்புப் புள்ளிகள். போன் வழியாக அங்கே நடப்பது எல்லாம் கேட்டது. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணினி வேலை பார்க்கும் காலனிப் பெண் ஒருத்தி, “அண்ணே, எங்களத்தான் அவுக்கப் போறீங்களா? இன்னிக்கு லாகின் பண்ணலன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கண்ணே” என்றாள்.

“அவுக்க இல்லம்மா. கழட்டிப் பாத்துட்டுத் திருப்பி மாட்டிடுவேன்.”

காலனி வீடுகளிலேயே ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எட்டும் முடிந்தது. ஒரு புள்ளியும் பச்சையாகவில்லை. பிறகு தெரு வீடுகள். பதினொன்றாவதைக் கழற்றியதும் என் திரையில் முப்பத்தொரு புள்ளிகள் ஒரே மூச்சில் பச்சையாயின. அந்தப் பெண் தெருவில் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது.

“எந்த வூடு?” என்று கத்தினேன்.

ஜாயிண்டர் குரலைத் தணித்துக்கொண்டார். “பெரிய வூடுங்க. இடியில பெட்டி கெட்டு, முறை மறந்து ஓயாம வெளிச்சத்த அடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. மத்தவங்க எப்படிங்க பேசறது?”

தெருவிடம், “ஒரு பெட்டி கெட்டுப்போச்சு, மாத்தியாச்சுங்க” என்று மட்டும் சொன்னார். ரிப்போர்ட்டில் வீட்டைக் குறிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் சார். வெளிய தெரிஞ்சா அவருக்கு அவமானமாயிடும். அந்தக் கோவத்த காலனி மேலதான் காட்டுவாரு. லைன் ஓடட்டும்.”

அவருக்கு ஊர் வாலிகண்டபுரம் பக்கம். அங்கே ஊர்த் தெருவா, காலனியா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாராம். அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு உங்களுக்கு நான் நன்றியே சொல்லவில்லை, ஜாயிண்டர். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.