ஆடாத நிலா

"இந்த நிலா ஏன் ஹெல்மெட் போடல?"

பாதுகாப்பு அதிகாரி தணிகைவேல் ஜெரால்டைக் கேட்டார். ஏசி அறையிலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மேசைமேல் அவன் எழுதிய கவிதை கிடந்தது. நாலே வரி. சுற்றிலும் சிவப்பு மையில் எட்டுக் கேள்விக்குறிகள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த பைப் கம்பெனியில் ஜெரால்ட் ஆறு வருஷமாக கான்ட்ராக்ட் தொழிலாளி. வெள்ளிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டப் போகிறார்கள். அதற்கு முந்தின நாள் பாதுகாப்பு வார விழா. லிஸ்டில் பெயர் வர நினைப்பவர்கள் விழாப் போட்டியில் ஏதாவது எழுதிக் கொடுப்பது நல்லது என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் விவரமானவர்கள். 'கவனமே கவசம்' என்று ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஜெரால்டுக்குத்தான் கெட்ட நேரம். அவன் நிஜமாகவே கவிதை எழுதுகிறவன்.

போன வியாழக்கிழமை செகண்ட் ஷிப்ட் சாப்பாட்டு நேரத்தில், மூன்றாவது ஷெட்டில் மல்லாந்து படுத்திருந்தபோது வந்த கவிதை அது.

*பிளாஸ்டிக் கூரைக்கு அப்பால்*
*மங்கலாய் ஆடுகிறது நிலா.*
*விழுந்தால் யார் ஏந்துவது?*
*என் இரு கையும் ஓவர்டைமில்.*

முதல் ரசிகை, துப்புரவு வேலை செய்யும் கன்னியம்மா. அன்றைய அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்காத எரிச்சலில் பெருக்கிக்கொண்டிருந்தவளுக்குத்தான் வாசித்துக் காட்டினான். அவள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கரெக்டா எழுதிக்கீற. மொதல்ல இதை ஆபீஸ்ல குடு" என்றாள். ஆறு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. கொடுத்துவிட்டான்.

"சார், நவீன கவிதையில நிலான்னா கற்பனைக்கு அடையாளம் சார்" என்றான் இப்போது. பொன்னேரி நூலகத்தில் ஒரு பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

"சரி. அந்தக் கற்பனை எத்தினி அடி ஒசரத்துல கீது?"

"தெரியல சார்."

"ஆறடிக்கு மேல போனா பெல்ட் கட்டணும். பெல்ட்டும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல, ஆடுது வேற. என் பிளான்ட்ல ஒண்ணு ஆடுதுன்னு ஜி.எம். முன்னால நீ படிச்சா, அப்புறம் என் சீட்டு ஆடும். மாத்தினு வா."

வீட்டுக்குப் போனால் மனைவி மேரி அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச்ல சாட்சி சொல்றேன்னு பாஸ்டர் ஐயரு கிட்ட சொல்லிட்டேன்."

"இன்னாத்துக்கு சாட்சி?"

"உனுக்கு பர்மனென்ட் ஆனதுக்கு. கர்த்தருக்கு நன்றி சொல்ல வேணாமா?"

"இன்னும் ஆவலியே, மேரி!"

"வெள்ளிக்கெழம ஆயிடும்ல? நாலு பேரு புடவை எடுத்தியான்னு கூட கேட்டுட்டாங்க. கவுத்துடாத."

ஜெரால்டுக்குச் சோறு இறங்கவில்லை. நிலா தன் கற்பனை. பர்மனென்ட் தன் பிழைப்பு. எதைக் கட்டிக்கொண்டு எதை விடுவது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. கடைசியில் நிலாவுக்கு ஹெல்மெட் மாட்டினான். நிலா வெள்ளையாயிற்றே என்று வெள்ளை ஹெல்மெட்.

மறுநாள் அது எச்.ஆர். ஜெனிபர் மேடம் கைக்குப் போனது. அவள் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ஜெரால்ட், நம்ம கம்பெனியில வெள்ளை ஹெல்மெட் யாருக்கு?"

"ஆபீசருங்களுக்கு மேடம்."

"ஒசரத்துல இருக்கறவரு. வெள்ளை ஹெல்மெட். ரவுண்டா, வழவழன்னு வேற." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு கீழ விழணும்னு உனக்கு அவ்ளோ ஆசையா?"

ஜி.எம்.மின் வழுக்கைத் தலை ஜெரால்டின் கண்முன் உதித்தது.

"ஐயோ மேடம்! அது அவரு இல்ல, கற்பனை!"

"கற்பனைன்னு நீ சொல்ற. அவரு ஒத்துக்கணுமே."

அங்கேயே நின்றபடி மஞ்சள் ஹெல்மெட் என்று திருத்திக் கொடுத்தான். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் ஜெனிபர் மறுபடி நெற்றியைச் சுருக்கினாள்.

"மஞ்சள்னா கான்ட்ராக்ட் ஆளுங்க. கீழயே ஓவர்டைம்னு வருது. கான்ட்ராக்ட் ஆளு ராத்திரியெல்லாம் ஒசரத்துல நின்னு ஓவர்டைம் பாக்கறான்னு எழுத்துல குடுத்தா, லேபர் ஆபீஸ்லேர்ந்து வண்டி கட்டினு வந்துடுவாங்க."

"நான் போட்டியிலேர்ந்து வெலகிக்கிறேன் மேடம்."

"வெலகினா ஒத்துழைப்பு இல்லன்னு ஃபைல்ல ஏறிடும்."

ஓவர்டைமும் போனது. மாலை தணிகைவேல் மேசையில் கவிதை இப்படி வந்து நின்றது.

*மஞ்சள் ஹெல்மெட்டும் பெல்ட்டும் அணிந்து*
*ஆடாமல் நிற்கிறது நிலா.*
*விழ வாய்ப்பே இல்லை.*
*என் இரு கையிலும் கிளவுஸ்.*

தணிகைவேல் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. அடியில் 'பரிசோதிக்கப்பட்டது. ஆட்டம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். ஜெரால்டுக்கு அழுகை வந்தது. தன் பிள்ளைக்குத் தானே மொட்டை அடித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

வியாழக்கிழமை காலை விழா. மூன்றாவது ஷெட்டை ஒட்டி, கூட்டத்துக்குச் சாமியானா கட்டி, அதன் முன்னால் உயரமான விளக்குக் கம்பத்தடியில் திறந்தவெளி மேடை போட்டிருந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. ஜி.எம். நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழற்றிய வெள்ளை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

ஜெரால்ட் மைக்கைப் பிடித்தான். முதல் வரியை வாசித்தான். ஜி.எம். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "ஆடாமல் நிற்கிறது நிலா" என்றபோது மேலிருந்து 'டிங்' என்று ஏதோ விழுந்து ஜி.எம். காலடிக்கு உருண்டு வந்தது. ஒரு பெரிய நட்டு.

தணிகைவேல் பாய்ந்து அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"சாமியானாக்காரங்க சார். அசால்ட்டு!" என்று இளித்தார்.

ஜெரால்ட் மிச்ச வரிகளையும் முடித்தான். ஜி.எம். எழுந்து கைதட்டினார். "வெரி சேஃப் கவிதை!" என்றார். கூட்டம் மொத்தமும் கைதட்டியது. பரிசாக ஒரு பிரஷர் குக்கர். அதை வாங்கும்போது ஜெனிபர் மேடம் காதருகே குனிந்து, "உன் பேரு லிஸ்ட்ல இருக்கு" என்றாள்.

ஜெரால்டுக்கு உடம்பே லேசாகிவிட்டது. மேடையை விட்டு இறங்கியதும் மேரிக்கு போன் போட்டு, "புடவை எடுத்துக்கோ" என்றான். மேடையில் ஜி.எம். அதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற தணிகைவேல் மைக்கைப் பிடித்து, பத்து வருஷமாக இந்த வளாகத்தில் ஒரு விபத்துகூட இல்லை என்று ஆரம்பித்தார்.

படியோரமாகக் கன்னியம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"ஏன் நைனா மாத்திப் படிச்சே?"

"இன்னாக்கா பண்றது? நிலா ஆடக் கூடாதுன்னுட்டாங்க."

கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை மேலே நீட்டினாள்.

"நீ எழுதின அன்னிக்கு மயானக் கொள்ளை, மாசி அமாவாசை. ஏது நைனா நிலா? ஜி.எம்மு தலைக்கு மேல நட்டு கழண்டு ஆடினுகீதே, அந்த லைட்டைப் பத்தி நீ கம்ப்ளெய்ன்ட்டு எழுதிக்கீறன்னுதானே நான் ஆபீஸ்ல குடுக்கச் சொன்னேன்!"