ஒன்பது வருஷ வைராக்கியமும் ஒரு கறுப்பு லேப்டாப்பும்

என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறாள். அவளுக்கு வாங்கும் லேப்டாப்பில் என் மச்சினனின் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது. இது என் உத்தரவு. என் மனைவி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டியவனுக்கு, திடீரென்று சத்தம் நின்றால் எங்கோ கோளாறு என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மச்சினன், அதாவது அவள் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். நாங்கள் பேசி ஒன்பது வருஷமாகிறது. நானாக அவனைக் கூப்பிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"சரி, வேணாம். லேப்டாப்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் மனைவி.

"மெஷின்னா எல்லாம் மெஷின்தான்."

"அப்ப ஒரு தையல் மெஷினை வாங்கிக் குடுத்துடுங்க. தைச்சுத் தைச்சுப் படிக்கட்டும்."

முறைத்தேன். அவள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "கோவப்படாதீங்க. ஒரு நிபுணரோட நம்பர். ஞாயித்துக்கிழமையும் பேசுவாராம். வேணும்னா கூப்பிடுங்க. இல்லைன்னா காது குடையுங்க."

நான் வீறாப்பிலேயே நாளைக் கடத்திவிட்டேன். விடிந்தால் திங்கள், கல்லூரி திறக்கிறது. ஞாயிறன்று பகல் ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். நானும் மகளும் உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

மேசைமேல் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளி நிறம், சவரக்கத்தி போல மெல்லிசு. இன்னொன்று கறுப்பு, செங்கல் கனம். வெள்ளியில் காதை வைத்துப் பார்த்தேன்.

"ஓடுதா?"

"ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு," என்றார் கடைக்காரர்.

"சத்தத்தையே காணோம்?"

மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, நாலு வருஷம் இதை வெச்சுத்தான் படிக்கணும். தப்பா எடுத்தா மாத்திக்க முடியாது. போர்டைப் பாருங்க." விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று எழுதியிருந்தது. இன்னொன்று வாங்க எனக்கு வக்கும் கிடையாது.

"கறுப்புல கடைசிப் பெட்டி சார்," என்றார் கடைக்காரர். அந்தப் பெட்டிமேல் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஏற்கெனவே கையை வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றார். வாசலில் ஷட்டர் பாதி இறங்கியது. வெள்ளி பளபளத்தது. ஞாயிறு கரைந்துகொண்டிருந்தது. சீட்டைப் பார்த்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

போனில் எனக்கு எல்லார் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும். நிபுணர் குரலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என்ன பணிவு! மகள் இரண்டு லேப்டாப்பிலும் இருந்த விவர அட்டைகளைப் படித்துக் காட்டினாள்.

"மெமரிங்கறது உங்க லேத் பக்கத்து மேசை மாதிரி சார். மேசை சின்னதா இருந்தா ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணை வைக்கலாம். வெள்ளியில எட்டு ஜிபி. பின்னாடி ஏத்தவும் முடியாது. கறுப்புல பதினாறு. அவ படிப்புக்கு அதுதான் தாங்கும்."

நான் லேத்தைப் பற்றிச் சொல்லவேயில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருக்கிறார். நிபுணர் என்றால் இவரல்லவா நிபுணர்!

"என் மச்சினனும் இதே தொழில்தான் சார். ஒரு ஸ்க்ரூவை ஒழுங்கா முடுக்கத் தெரியாது."

போனில் ஒரு இருமல் கேட்டது. "சில பேர் அப்படித்தான் சார்."

"ஒன்பது வருஷம் முன்னாடி, நூறு பேர் சாப்பிடற இடத்துல, 'அத்தான் கைய வெச்சா ஓடற மிக்ஸியும் நின்னுடும்'னு சொன்னான் சார்!"

"நின்னுச்சா சார்?"

"நின்னுச்சு. அது வேற விஷயம்."

மகள் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, இதுக்கே பில் போடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். நான் பாய்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டேன்.

"விடுங்க சார், நான்தான் முதல்ல தொட்டேன்!"

"நான்தான் முதல்ல புரிஞ்சுக்கிட்டேன்!"

அவர் இழுத்தார். நான் இழுத்தேன். அட்டை கிழியும் சத்தம் கேட்டது. "விடாதீங்க!" என்று போன் அலறியது. "அவர் யாருக்கு வாங்கறார்னு கேளுங்க!"

"என் பொண்ணுக்கு," என்றார் அவர். "வரலாறு படிக்கிறா."

"அப்ப அவங்களுக்கு வெள்ளியே தாராளம். லேசு, பையில தூக்கிட்டு அலையலாம்," என்றது போன். கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். கையை எடுத்தார். நான் பெட்டியோடு பில் போடும் இடத்துக்கு ஓடினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மீசையை முறுக்கிக்கொண்டேன். "பார்த்தியா? மனுஷன்னா அவர் மனுஷன்! உன் தம்பி அவர்கிட்ட பத்து வருஷம் எடுபிடியா நிக்கணும்!"

"அவ்வளவு நல்லவரா? அப்ப ஒரு நன்றி சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

நியாயமான பேச்சு. எண்ணை அழுத்தினேன். என் வீட்டுச் சமையலறையில் மணி அடித்தது.

ஈரக்கையைத் துடைத்தபடி, போனோடு வெளியே வந்தான் மச்சினன். "வாங்க அத்தான், உட்காருங்க," என்று எனக்கே நாற்காலி போட்டான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இவனை யார் கூப்பிட்டது?" என்று கத்தினேன்.

"நீங்கதாங்க," என்றாள் மனைவி. "இன்னிக்கு ரெண்டு தடவை."