சிவபாண்டி நடத்திய ஒரு வாரப் பள்ளிக்கூடம்

சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் பழையபடி வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, சோழவந்தான் சிவபாண்டி வீரமாக ஒரு முடிவெடுத்தான். இந்த வாரக் கடைசிக்குள் தன் மகள் பாண்டிமீனா, "அப்பா, என்னய ஸ்கூல்ல சேத்து விடுப்பா" என்று தன் வாயாலேயே கதற வேண்டும்.

எட்டு வயசுப் பாண்டிமீனா முன்பு டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய் வந்தவள்தான். விடியுமுன் எழுந்து வேனில் தூங்குவாள், வகுப்பில் தூங்குவாள், திரும்பி வரும்போதும் தூங்குவாள். "இன்னிக்கு என்னடி படிச்ச?" என்று கேட்டால், "ஜன்னல் சீட்டு கெடச்சுச்சும்மா" என்பாள். இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் அவளுடைய அம்மா சரண்யாதேவி ஒருநாள் சொன்னாள்:

"ஏங்க, ஒரு வருசம் புள்ளைய எங்கிட்ட விடுங்க. நானே வீட்டுல சொல்லிக் குடுக்குறேன். அடுத்த ஜூன்ல நீங்க வேணாம்னு சொன்னா மறுபேச்சு பேசாம ஸ்கூல்ல சேத்துடறேன்."

அந்த ஜூன் வாசலுக்கு வந்துவிட்டது. வேணாம் என்று சொல்லச் சிவபாண்டிக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. ரோட்டில் போகிற பஸ் போர்டையெல்லாம் பிள்ளை படிக்கிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளந்தே பின்னம் கற்றுக்கொண்டுவிட்டது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு ஆடுகிறது, ராத்திரி கதைப்புத்தகத்தைப் பிடுங்கினால்தான் தூங்குகிறது. குறையெல்லாம் டீக்கடையில்தான் இருந்தது. "என்ன மாப்ள, புள்ளய வீட்டுலயே வச்சிருக்க? பீஸ் கட்ட முடியலையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிவபாண்டிக்கு டீ கசந்தது.

ஆகவே அடுத்த வீட்டு அழகுமலையிடம் ரகசியமாகப் பேசி வைத்திருந்தான். அழகுமலை ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். சரண்யாவைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன், அந்த முறையில் இவனுக்கு மச்சான். "ஒரு சீட்டு பிடிச்சு வையி மச்சான், தங்கச்சி காதுக்குப் போயிறக் கூடாது" என்று சத்தியம் வாங்காத குறை. பாக்கியிருந்தது ஒன்றுதான்: சரண்யா முன்னால் நின்று வேணாம் என்று சொல்வது. அந்தத் துணிச்சல் அவன் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது. மகளே சொல்லிவிட்டால் தப்பித்தான்.

"சரண்யா, இந்த வாரம் நாந்தான் பாடம் நடத்துவேன்."

"நெசமாவா? வெத்தலக் கொடிக்கால யாருங்க பாக்குறது?"

"ஆளு சொல்லியிருக்கேன். நீ பக்கத்துலயே வரக்கூடாது."

"வரலைங்க. ஆனா ஒண்ணு. காலையில ரெண்டு மணி நேரம் ஒக்காந்தாப் போதும். மிச்சப் பொழுதுக்கு அதுவே என்னத்தையாச்சும் தேடிப் படிச்சுக்கும்."

"அது ஒன் பள்ளிக்கூடம். எம் பள்ளிக்கூடம் ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும். பெல்லு, பிரேயரு, ஹோம்வொர்க்கு எல்லாம் உண்டு."

"பிரம்பு?"

சிவபாண்டியின் குரல் இறங்கியது. "அது மட்டும் வேணாம்."

சரண்யா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. தாளிப்புக் காரத்துக்குத் தும்முகிறாள் என்று நினைத்தான் அந்த அப்பாவி.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தாம்பாளத்தில் கரண்டியால் அடித்துப் பள்ளி தொடங்கியது. பிரேயரில் பாண்டிமீனா முன்னால் நின்று பாடினாள், பிறகு ஓடிப்போய் வரிசையிலும் நின்றாள். வருகைப் பதிவு நடந்தது.

"பாண்டிமீனா!"

"உள்ளேன் ஐயா! வேற யாருமே வரலையா சார்?"

"பேசாத. புத்தகத்த எடு. 'வேர் தாவரத்தை மண்ணில் நிலைநிறுத்துகிறது.' இத அம்பது தடவை எழுது."

சலிப்பில் பிள்ளை முகம் சுருங்குகிறதா என்று ஆசையோடு பார்த்தான். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம். வெத்தலக் கொடிய எதுக்கு அகத்தியில ஏத்துறோம்? வேம்புல ஏத்துனா என்ன?"

வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் சிவபாண்டி தப்பித்திருப்பான். கொடிக்கால்காரனிடம் இதைக் கேட்கலாமா?

"வேம்புலயா? எவனாச்சும் வேம்புல ஏத்துவானா? அகத்தி வெரசா வளரும்டி. எலை பொடிசு. வெயிலு சல்லடையில சலிச்ச மாதிரி கொடி மேல விழுகும். அம்புட்டு வெயிலும் வேணாம், ஒரேடியா நெழலும் ஆகாது வெத்தலைக்கு. அது மகராணி மாதிரி!"

"அகத்தி நட்டா மண்ணு நல்லாருக்கும்னு சொல்வீங்களே, அது எப்படி சார்?"

சிவபாண்டி தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனான்.

"தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க" என்றாள் சரண்யா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமாக்கும்? தெரியாதத ரெண்டு பேருமாத் தேடுனோம்னா புள்ளைக்கு அது மறக்கவே மறக்காது. தெனமும் அதத்தான் செய்யிறேன்."

தேடப் போனார்கள். கொடிக்காலில் ஓர் இளம் அகத்தியைப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் வேரை அலசினால், சின்னச் சின்ன மணிகளாக முடிச்சுகள். போனில் தேடிப் படித்தார்கள். காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் குடியிருக்கிற வீடுகளாம் அவை. சிவபாண்டி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "இம்புட்டு வருசமா வெட்டிப் போட்டிருக்கேன். ஒருநாளும் பாத்ததில்லையே!" அன்றைக்கு நாலு மணி பெல்லை அடிக்க மறந்து, இருட்டிய பிறகுதான் அப்பனும் மகளும் சேறும் சகதியுமாக வீடு வந்தார்கள்.

புதன்கிழமை கவுளியில் பெருக்கல் கணக்கு. நூறு வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. நாலைந்து கவுளி அடுக்கினால் அழுகலைக் கழித்து மிச்சம் எத்தனை என்று அப்பனுக்கும் மகளுக்கும் போட்டி. மகள் ஜெயித்தாள். தோற்ற அப்பன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கைதட்டினான். டீக்கடையில் போய், கேட்காதவனையும் இழுத்து உட்கார வைத்து வேர் முடிச்சைப் பற்றி விளக்கினான். வியாழக்கிழமை சரண்யா கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் போரடிக்கிற பாடமா நடத்துங்களேன். புள்ள சிரிச்சுக்கிட்டே கெடக்கு. பள்ளிக்கூடம்னா அதுக்கொரு மரியாதை வேணாமா?"

"ஒனக்கென்ன தெரியும் வாத்தியார் வேலையப் பத்தி? போ, போ."

சனிக்கிழமை காலை. எதற்காகப் பள்ளி தொடங்கினோம் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. கதவை யாரோ தட்டினார்கள். பட்டுச்சேலையும் தோளில் கைப்பையுமாகச் சரண்யா நின்றாள்.

"சார், உள்ள வரலாமா? நான் பாண்டிமீனாவோட அம்மா. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்திருக்கேன்."

சிவபாண்டி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "ஒக்காருங்கம்மா."

"புள்ளைய இங்கருந்து எடுத்துடலாம்னு பாக்குறேன் சார்."

"எதுக்கு?"

"நாலு பேரு கேக்குறாங்கல்ல? பெரிய ஸ்கூலு, வேனு, டையின்னு போனாத்தான மதிப்பு."

"நாலு பேரா புள்ளய வளக்குறாங்க?" என்று மேசையைத் தட்டினான்.

"அங்கதான் சார் ஒழுங்காச் சொல்லித் தருவாங்க. இங்க என்ன இருக்கு? சேத்துல எறங்கி வேரப் பிடுங்குறீங்களாம்."

"இந்தாம்மா!" சிவபாண்டி எழுந்தே நின்றுவிட்டான். "ஒங்க புள்ள மூளை என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அது கேக்குற கேள்விக்கு நின்னு பதில் சொல்ல அந்த வேன்லயும் கிளாஸ்லயும் யாருக்கு நேரமிருக்கு? பத்தாவது பரீட்சையக்கூட வீட்டுல இருந்து படிச்சே எழுத வழியிருக்கு, தெரியுமா? அனுப்ப முடியாது. என்னயத் தாண்டித்தான் புள்ள வெளிய போகணும்!"

தான் சொன்னது அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது.

"சரிங்க சார்" என்றாள் சரண்யா பணிவாக. "நீங்க இவ்வளவு சொல்றப்ப நான் எப்படி மறுத்துப் பேச? ஜூன்லயும் இங்கயே படிக்கட்டும்."

பாண்டிமீனா துள்ளி வந்து அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சரண்யாவின் கண் ஓரத்தில் லேசாக ஈரம். ஒரு வருசப் பயம் அந்த நிமிடம்தான் அவளை விட்டு இறங்கியது.

சிவபாண்டிக்கு மட்டும் வேறொரு பயம் பிடித்தது. அழகுமலையிடம் சொன்ன அந்தச் சீட்டு! சரண்யாவுக்குத் தெரிவதற்குள் அதை அழித்துவிட வேண்டும். செருப்பைக்கூட மாட்டாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினான். அழகுமலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தச் சீட்டு வேணாம். தங்கச்சிகிட்ட மூச்சு விட்றாத!"

"எந்தச் சீட்டு? அதத்தான் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முன்னாலயே தங்கச்சி வந்து வேணாம்னுட்டுப் போயிருச்சே."

"முன்னாலயேவா? நான் பாடம் எடுக்கணும்னு அப்ப நெனைக்கவே இல்லையே!"

"அது எனக்குத் தெரியாது மாப்ள" என்று அழகுமலை ஹோஸைத் திருப்பிச் சக்கரத்தில் பீய்ச்சினான். "'வாத்தியாரு ஒருத்தரு வீட்டுலயே இருக்காருண்ணே, ஒரு வாரம் பழக்கி எடுத்தாப் போதும்'னு சொல்லுச்சு."