காலஞ்சென்ற ஹியூபேட்டின் தம்பி

ஹியூபேட் கொரேரா செத்து இருபத்தெட்டு வருடமாகிறது என்ற செய்தி, கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாரை மீன் கழுவிக்கொண்டிருந்த ஹியூபேட் கொரேராவுக்கு டெலிபோனில்தான் வந்தது.

"கிட்டாரிஸ்ட் ஹியூபேட்டின்ர வீடுதானே? கோயில் ஒஃபீஸில நம்பர் தந்தவை," என்றது ஓர் இளம் குரல். "நான் வினோதன், வெள்ளவத்தையில இருந்து கதைக்கிறன். அவற்ற மெட்டல் பாட்டு எண்டா எங்களுக்குச் சரியான விசர். செத்தவற்ற நினைவா ஒரு ஷோ செய்யப்போறம். நீங்க ஆர் கதைக்கிறது?"

"நான்தான் ஹியூபேட்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்வதற்கு முன் மனிதர் ஒருதரம் குனிந்து தன்னைப் பார்த்தார். அங்கேதான் பிழை நடந்தது. சாரக்கட்டுக்கு மேலால் வயிறு இறங்கியிருந்தது. கையெல்லாம் மீன் செதில். தலையில் மயிர் என்று சொல்லிக்கொள்ள, காதுகளுக்கு மேலே பேச்சுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நான் தம்பி... டெரிக்," என்றார்.

"ஐயோ அங்கிள்! அவற்ற கூடப்பிறந்தவரோடயா கதைக்கிறன்?" வினோதன் கூவினான். "ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாறம்."

றோஸி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"உங்கட அம்மா பெத்தது உங்களை மட்டும்தானே. இந்த டெரிக் எப்ப வந்தவர்?"

"இப்பதான். வாய் தவறி வந்திட்டார்."

தொண்ணூறுகளில் ஹியூபேட்டுக்கு இடுப்பு வரை முடி இருந்தது. துறைமுகப் பக்கத்துப் பெடியன்கள் நால்வரைச் சேர்த்து 'ரஸ்ட் அங்கர்' என்று ஒரு மெட்டல் பேண்ட் வைத்திருந்தார். பாட்டு எழுதுவதும் அவர்தான், மேடையில் சட்டையில்லாமல் நின்று கிட்டாரை அலறவைப்பதும் அவர்தான். வெளியிட்டது ஒரேயொரு கசெட். விற்றதைவிட உறவுக்காரருக்குச் சும்மா கொடுத்ததுதான் கூட. தொண்ணூற்றேழில் கட்டார் நாட்டுக்கு ஸ்டோர் கீப்பராகப் போனார். திரும்பி வந்தபோது முடியும் இல்லை, பேண்டும் இல்லை. இப்போது அவர் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். ஞாயிறு பூசையில் சின்னப் பிள்ளைகள் பாட, பக்கத்தில் நின்று கிட்டார் அடிக்கிறார். அதையும் மெதுவாகத்தான் அடிக்கிறார். ஃபாதருக்குச் சத்தம் ஆகாது.

அந்தக் கசெட்டை யாரோ இன்டர்நெட்டில் ஏற்றிவிட, அது பிரேசில் வரை போய்ச் சேர்ந்த கதை அவருக்குத் தெரியாது. பாட்டுக்குச் சொந்தக்காரனைத் தேடி அலைந்த வினோதன், மாதம்பிட்டிச் சேமக்காலையில் 'ஹியூபேட் கொரேரா, இறப்பு 1997' என்று ஒரு கல்லறையைக் கண்டு, அதன் முன்னால் முழங்காலில் விழுந்து அழுதானாம். அந்தக் கல்லறைக்குள் இருப்பவர் ஹியூபேட்டின் பெரியப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஞானத்தகப்பனும் அவரே என்பதால் அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். தான் பிறந்த வருடம் பெரியப்பாவுக்கே சரியாகத் தெரியாது. அதனால் கல்லில் அது எழுதப்படவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வினோதன் கறுப்பு டீ சேர்ட்டில் வந்தான். கூடவே கறுப்பு டீ சேர்ட் போட்ட இன்னும் இரண்டு பேர். கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிற, மரியாதை தெரிந்த பிள்ளை. செருப்பை வாசலிலேயே கழற்றினான், கேக்கும் வாங்கி வந்திருந்தான். உள்ளே வந்தவனின் கண் நேரே சுவருக்குப் போனது. அங்கே கலியாணப் படம். இடுப்பு வரை முடியோடு ஹியூபேட், பக்கத்தில் வெள்ளைக் கவுணில் றோஸி. வீடெல்லாம் கூட்டித் துடைத்த ஹியூபேட், இந்தப் படத்தைக் கழற்றி ஒளிக்க மறந்துபோனார்.

வினோதன் படத்தைப் பார்த்தான். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த றோஸியைப் பார்த்தான்.

"அன்ரி, அவற்ற மனிசி நீங்களா? அப்ப... இஞ்சயா இருக்கிறீங்க?"

கேள்வி நியாயமான கேள்வி. ஹியூபேட் அதற்குப் பதில் தேடினார், கிடைத்ததைச் சொன்னார்.

"அண்ணா செத்த பிறகு, நான்தான் இவவைக் கலியாணம் முடிச்சனான்."

தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

"உங்களுக்குப் பெரிய மனசு அங்கிள்," என்றான் வினோதன்.

"ஓம், பெரிய மனசுதான்," என்றாள் றோஸி பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு ரெண்டாவதும் அச்சொட்டா முதலாவது மாதிரியே வந்து வாய்ச்சுது."

கேக்கைத் தின்றபடி பாட்டுகளைப் பற்றிக் கதைத்தார்கள். 'பிளக் ரூட்', அதாவது கறுப்பு வேர், என்ற பாட்டு மனித குலத்தின் அழிவைப் பற்றியதுதானே என்று வினோதன் கேட்டான். வேர் அழுகுகிறது, விடியும்வரை அது என்னைத் தின்கிறது என்று வருகிற அந்த வரியைக் கேட்டால் இப்போதும் தனக்கு உடம்பு கூசும் என்றான். ஹியூபேட் தலையாட்டினார். அது அவருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றி எழுதிய பாட்டு.

பிறகு வினோதன் தன் கிட்டாரை எடுத்து நீட்டினான்.

"அந்தப் பாட்டின்ர தொடக்கத்தை மட்டும் ஒருக்கா அடிச்சுக் காட்டுங்களன் அங்கிள்."

ஹியூபேட் கிட்டாரை வாங்கிக்கொண்டார். இனித் தான் வாய் திறக்க வேண்டியதில்லை, கையே உண்மையைச் சொல்லிவிடும், பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக் காலில் விழுவார்கள் என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, நரம்பெல்லாம் புடைக்க அடித்தார். ஓரிடத்திலும் பிசகவில்லை. சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படம்கூட ஆடியது.

அடித்து முடித்துக் கண்ணைத் திறந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான் ட்ரை பண்ணுறீங்க அங்கிள்," என்றான் வினோதன், மனம் நோகாமல். "ஆனா அவற்ற கை வேற."

மறுநாளே விஷயம் வினோதனின் இன்டர்நெட் நினைவுப் பக்கத்தில் படத்தோடு ஏறிவிட்டது. அண்ணனின் பாட்டையும் எடுத்தான், மனிசியையும் எடுத்தான் என்று ஒருவர் கீழே எழுதினார். அண்ணனைக் கொன்றதே இந்தத் தம்பியாகத்தான் இருக்கும் என்று பிரேசிலில் இருந்து இன்னொருவர் எழுதினார். தன்னைத் தானே கொன்றுவிட்டுத் தன் மனிசியையே தட்டிக்கொண்டு போனதாகத் தன் மேலே விழுந்த பழியை, ஹியூபேட் கட்டிலில் இருந்தபடி ஒன்றும் விடாமல் வாசித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கோயிலுக்குப் போனால் றோஸியைப் பார்த்து இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து புருஷனோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

இதை எப்படியாவது அமர்த்த வேண்டும் என்று ஹியூபேட் ஒரு வழி யோசித்தார். அவருடைய வழிகள் எப்படிப்பட்டவை என்பது இதற்குள் தெரிந்திருக்கும். டெரிக்கின் பெயரில் அந்தப் பக்கத்தில் எழுதினார்: "சண்டை வேண்டாம், பிள்ளைகளே. வாற சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் அண்ணாவின் கல்லறைக்குப் போய் ஒரு பூ வையுங்கள். அவருடைய ஆத்துமா சந்தோஷப்படும்."

பிள்ளைகள் சொல்வழி கேட்கிற பிள்ளைகள். போனார்கள்.

அன்று பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ் பெரியம்மா ஹியூபேட்டின் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவின் மனைவி. எண்பத்திரண்டு வயது. வருடம் தவறாமல் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறவர்.

"உன்ர பெரியப்பா என்னை ஏமாத்திப்போட்டாரடா, ஹியூபேட்."

"என்ன பெரியம்மா சொல்லுறீங்க?"

"கல்லறை நிறையப் பூ. மண்டையோடு மாதிரி மெழுகுதிரி. கறுப்பு உடுத்த ரெண்டு பெட்டையள் கல்லைக் கட்டிப்பிடிச்சு அழுதுகொண்டிருக்குதுகள். ஆர் பிள்ளையள் நீங்க எண்டு கேட்டா, ஹியூபேட் எங்கட உசிர் எண்டுதுகள். பிரேசிலில இருந்தும் ஆக்கள் அழுகினமாம். எத்தினை குடும்பமடா அந்த மனிசனுக்கு?"

ஹியூபேட் கதிரையை அவர் பக்கம் இழுத்து வைத்தார்.

"கிரேனுக்கு மேல ஏறினா இறங்க இருட்டிப்போகும் எண்டு சொல்லுவார். நான் நம்பினன்." பெரியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "அந்த ஆளுக்குப் பக்கத்தில எனக்கு வச்ச இடம் வேண்டாம். ஃபாதரிட்டயும் சொல்லிப்போட்டு வாறன். என்னை வேற எங்கயாவது போடுங்க."

அதுவரை தன் வயிற்றையும் தலையையும் நினைத்து வெட்கப்பட்ட ஹியூபேட், முதல்தரமாகத் தன்னையே நினைத்து வெட்கப்பட்டார். கிரேனையும் வீட்டையும் தவிர வேறொன்றும் தெரியாமல் செத்த மனிதர். அவருடைய மானத்தை, தன் வண்டி வயிற்றை மறைக்கப் போய் இவர் கப்பலேற்றிவிட்டார்.

"பெரியம்மா," என்றார், "அதுகள் அழுதது பெரியப்பாவுக்கு இல்ல. எனக்கு."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"உனக்கா? உன்னைக் கட்டிப்பிடிச்சு அழ ஆருக்கடா விசர்? பெரியப்பாவைக் காப்பாத்த நீ பொய் சொல்லாத."

சனிக்கிழமை ஷோ. அங்கே எல்லோருக்கும் முன்னால், பெரியம்மாவின் காதில் விழ, தான் உயிரோடிருப்பதைச் சொல்லிவிடுவது என்று ஹியூபேட் முடிவெடுத்தார். ஷோ அன்று காலை, றோஸி பல நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"இண்டைக்கு நீங்க உயிரோட எழும்பாட்டி, வீட்டுக்கு வர வேண்டாம்."

பெரியம்மாவையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, மூவரும் ஒரு ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனார்கள். ஹியூபேட் பழைய பேண்ட் டீ சேர்ட்டைப் போட்டுப் பார்த்தார். அது தோளோடு நின்றுவிட்டது. ஆகவே பூசைக்குப் போகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். காலி வீதி முழுக்க உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனார்: நான்தான் ஹியூபேட், நான் சாகவில்லை. பம்பலப்பிட்டியில் ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்க்கத் தொடங்கினார்.

மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். சட்டையில்லாத உடம்பு, இடுப்பு வரை முடி, கழுத்தில் பூமாலை. கீழே மெழுகுதிரிகள். கறுப்பு டீ சேர்ட்டுகளின் வரிசை வீதி வரை நீண்டிருந்தது.

"ஆரடா இந்தக் காட்டுமிராண்டி?" என்றார் பெரியம்மா.

"நான் பெரியம்மா."

"போடா அங்கால."

வாசலில் ஒரு மேசை. அதில் இருந்த பெண்பிள்ளை, வருகிறவர்களின் கையில் கறுப்புப் பட்டி ஒட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஹியூபேட் வரிசையில் நின்று அவள் முன்னால் போனார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் பெரியம்மா மூச்சு வாங்குவது கேட்டது. இந்த ஒரு மாதமாக உள்ளிழுத்துப் பிடித்திருந்த வயிற்றைத் தன்பாட்டில் விட்டுவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பிள்ளை, டெரிக் எண்டு ஒருத்தர் இல்ல. அது நான் சொன்ன பொய். அந்தக் கல்லறையில இருக்கிறது எங்கட பெரியப்பா, நேர்மையான மனிசன். நான்தான் ஹியூபேட். பாட்டு எழுதினதும் நான், அடிச்சதும் நான். நான் சாகேல்ல."

வரிசையில் தலைகள் திரும்பின. றோஸி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவருடைய கையை இழுத்து ஒரு பட்டியைச் சுற்றி ஒட்டினாள்.

"முன் வரிசைக்குப் போங்க அங்கிள். இண்டைக்குச் சாகாம வந்த மற்ற மூண்டு ஹியூபேட்டும் அங்கதான் இருக்கினம்."