வாடகைக்காரிக்குக் குளிர்கிறது

மூன்றாவது முறையாகக் குளிர்கிறது என்று சோர்னிட்சா போன் செய்தபோது, வீட்டுக்காரர் ஓக்னியனும் தம் வீட்டுக் கூடத்தில் கோட்டு, குல்லாயுடன்தான் உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு விட்ட வீட்டின் வங்கித் தவணைக்காக இந்த வீட்டு ஹீட்டரை அணைத்து வைத்திருந்தார்.

"முதலீட்டாளர் நடுங்குறாரு," என்றாள் மனைவி ருமியானா.

"நடுங்கினாலும் முதலீட்டாளர்தானே," என்றார் ஓக்னியன்.

முதலீடு என்பது சோஃபியா நகரின் ஓரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இரண்டு அறை. சோர்னிட்சா பள்ளி ஆசிரியை. ஒன்றாம் தேதி கேட்காமலே வாடகை தருகிறவள். அவள் போய்விட்டால் தவணை கட்ட வழியில்லை, வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் ஓக்னியனுக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு நாடா ஒட்டினார். காற்று நின்றது, சுவரில் பூஞ்சை பிடித்தது. ஆள் வைத்தால் செலவு என்று தாமே மருந்து அடித்தார். நாற்றம் போக ஜன்னல்களை மூன்று நாள் திறந்து வைக்கவேண்டியதாயிற்று. அது ஜனவரி மாதம். பிறகு மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்து, கரண்டு பில்லைத் தாமே கட்டுவதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டார். பில் வந்தபோது வாடகையில் பாதி அதற்கே போனது, அத்துடன் ஹீட்டரும் நின்றது.

"உன் புருஷன் மாதிரி ஒரு முட்டாள் கிடைப்பானா?" என்று அவரே மனைவியிடம் கேட்டார். அவள் மறுக்கவில்லை.

கடைசி வழி, வெளிச்சுவருக்குத் தெர்மாகோல் பலகை ஒட்டுவது. கட்டடம் முழுவதற்கும் சேர்ந்து ஒட்டுவதுதான் முறை. ஆனால் அங்கிருந்த முப்பத்திரண்டு குடும்பங்களும் பதினோரு வருடமாகக் கூட்டம் போட்டும் ஒத்துவரவில்லை. அதனால் அவரவர் சுவருக்கு அவரவர் ஒட்டிக்கொண்டதில், கட்டடம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நின்றது.

கயிற்றில் தொங்கி வேலை செய்யும் குரூம் பேரம் பேச வந்தான். எந்த வீடு என்று தெரிய உள்ளே போய் ஜன்னலில் துணி கட்டி அடையாளம் வைக்க ஒரு மணி நேரக் கூலி தனி என்றான்.

"அது வேண்டாம்பா. நானே கீழ நின்னு காட்டறேன்."

"பாத்துச் சொல்லுங்கண்ணே. ஒட்டினா ஒட்டினதுதான்."

கட்டடத்தின் பின்புறம், முதல் மாடியை மறைத்த கார் கொட்டகைகளுக்குப் பின்னால் நின்று ஓக்னியன் விரல் விட்டு மாடிகளை எண்ணிக் காட்டினார். சோர்னிட்சா பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு பகல்களில் வேலை முடிந்தது. அவளிடம் அவர் மூச்சு விடவில்லை. வீடு கதகதப்பானதும் மெதுவாக வாடகையை ஏற்றலாம் என்பது அவர் திட்டம்.

மாதம் முடிய, காலி செய்யப்போவதாக அவள் போன் செய்தாள்.

ஓக்னியன் கடையில் சூடாகப் பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் வாங்கிக்கொண்டு ஓடினார். வாடகையில் ஐம்பது லெவா குறைப்பதாகச் சொன்னார். நூறு என்றார். திறந்த கதவருகே அவள் சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இன்னுமாம்மா குளிருது?"

"நீங்க நல்லவர் சார், உங்க மேல கோவமே இல்ல. ஆனா என்னால முடியல."

"வேற வீடு ரொம்பத் தூரமா?"

"இல்ல சார், இதுக்கு நேர் மேல் வீடுதான். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு யாரோ வெளிச்சுவர்ல தெர்மாகோல் ஒட்டிட்டுப் போயிருக்காங்க, யாருன்னு வீட்டுக்காரருக்கே தெரியல, ஆனா உள்ள நல்ல கதகதப்பா இருக்குன்னு வாடகைய மட்டும் நூறு லெவா ஏத்திட்டாரு."