மாட வீதியில ரிவர்ஸ்ல ஓடினது நான்தான்

முட்டி வலின்னு நான் பொய் சொன்னேனா? நானா?

பத்மினி அக்கா, நீங்க ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி. மூணாவது வருஷம். கழுத்துல ஸ்டாப் வாட்ச் தொங்குது. மரியாதை எல்லாம் உண்டு. ஆனா காலேஜே பாக்கற நோட்டீஸ் போர்டுல மராத்தான் லிஸ்டுல இருந்து என் பேரை அடிச்சுட்டு, அதுக்குக் காரணம், முட்டி வலின்னு பொய் சொல்லிட்டு செலக்‌ஷனுக்கு வராம ஊர் சுத்தினேன்னு அஞ்சு வரி எழுதி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கு ரகசியமா வந்து காதுல பதில் சொல்ல மாட்டேன். உங்க நோட்டீஸுக்குக் கீழயே நாலு குண்டூசி குத்திச் சொல்றேன்.

படிக்கறவங்க தள்ளாம நின்னு படிங்க. கொஞ்சம் நீளம்.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ரொம்ப சாதாரணம். காலையில அஞ்சரைக்குக் கிளம்பி, மாட வீதியில ரெண்டு ரவுண்டு ஓடி உடம்பை சூடு பண்ணிக்கணும். ஆறரைக்கு பீச்சுல நடக்கற செலக்‌ஷனுக்குப் போய் நிக்கணும். பத்து கிலோமீட்டர் ஓடணும். அவ்வளவுதான்.

இந்த ஒரு நாளுக்காக மூணு மாசமா செத்துக்கிட்டு இருந்தேன்.

என் உடம்போட அப்போதைய நிலவரம் இது. வலது முட்டி, படி இறங்கினா 'கடக்'னு சத்தம் போடும். இடது கணுக்கால், காலையில என்கூட எந்திரிக்காது, அரை மணி கழிச்சுதான் எந்திரிக்கும். கட்டைவிரல் நகம் கத்திரிக்கா கலர். கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார ஆளில்லை, தைல வாசனை. இதெல்லாம் பொய்யா? நகத்தை வேணும்னா போர்டுல குத்தட்டுமா? நாளைக்கோ நாளன்னைக்கோ விழுந்துடும்.

லஸ்ல எலும்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட போனேன்.

"ரெண்டு மாசம் ரெஸ்ட்"ன்னாரு.

"அடுத்த மாசம் மராத்தான் சார்."

"அப்போ எதுக்கு எங்கிட்ட வந்தே?"

"ரெஸ்ட் தவிர வேற ஏதாவது சொல்லுவீங்கன்னு."

அந்த ஆளு கண்ணாடியைக் கழட்டிட்டு, "எங்க ஓடறே?"ன்னாரு. "கோயிலைச் சுத்தி, மாட வீதியில பன்னெண்டு ரவுண்டு"ன்னேன். "எந்தப் பக்கமா?" "பிரதட்சிணமாதான் சார், வேற எப்படி ஓடுவாங்க?"

"அதான் விஷயம்! தினமும் பன்னெண்டு ரவுண்டு வலது பக்கமாவே திரும்பறே. வலது முட்டி மேலயே பாரம். நாளையில இருந்து எதிர்ப்பக்கமா ஓடு."

நல்ல டாக்டர். ஆனா அவருக்கு வீடு அடையாறு. மைலாப்பூர் தெரியாது.

வேற ரோட்ல ஓட வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க. எங்க அப்பா போட்ட கண்டிஷன் அது. "ஓடணும்னா கோயிலைச் சுத்தி ஓடு. தெரிஞ்சவங்க கண்ணுல படற இடம். வேற ரோட்ல ஓடினேன்னு கேள்விப்பட்டேன், ஷூ ரெண்டும் குளத்துல கெடக்கும்."

மறுநாள் காலை, எதிர்ச்சுத்து ஓட ஆரம்பிச்சேன். எங்க தெரு அனந்து மாமா எதிர்ல வந்தாரு. பேங்க்ல ரிட்டயர் ஆனவர், தினமும் பதினோரு பிரதட்சிணம் நடப்பாரு. முதல் ரவுண்டு சிரிச்சாரு. ரெண்டாவது ரவுண்டு சிரிக்கலை. மூணாவது ரவுண்டுல குடையைக் குறுக்க நீட்டிட்டாரு.

"நில்லும்மா! கோயிலை அப்பிரதட்சிணமா சுத்தறியே, நோக்கு ஏதாவது புத்தி இருக்கா?"

"சுத்தலை மாமா. ஓடறேன்."

"ஓடினா மட்டும் சரியாயிடுமோ? யாருக்காவது கெட்டது நடக்கும்!"

"நடந்தாச்சு மாமா. என் முட்டிக்கு."

அதுக்குள்ள ரெண்டு மாமிங்க சேந்துட்டாங்க. அதுல ஒருத்தங்க, "அதானே பார்த்தேன்! எங்காத்துல நேத்து மிக்ஸி புகைஞ்சு போச்சு"ன்னாங்க.

"மாமி, நான் எதிர்ச்சுத்து ஆரம்பிச்சதே இன்னிக்குதான்."

"முன்கூட்டியே தெரிஞ்சுருக்கு பாரு!"

இதுக்கு என்ன பதில் சொல்றது? நான் சொன்னேன். அதுல கால் மணி நேரம் போச்சு.

பூக்கடை கன்னியம்மா அக்கா மட்டும்தான் எனக்கு சப்போர்ட். "இன்னா மாமா, பொண்ணு ஓட்றதுக்கு இம்மாம் ரோதனையா? பால் வண்டி டெய்லி ராங் சைட்ல வருது, அத்தக் கேட்டியா நீ?"

"பால் வண்டிக்கு ஆத்மா கிடையாதும்மா"ன்னாரு மாமா.

சாயங்காலம் விஷயம் அப்பா காதுக்குப் போச்சு. ஓட்டம் கட்.

நான் விடுவேனா? நேரா மாமா வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னேன். "மாமா, ஒரே ஒரு கேள்வி. பிரதட்சிணமா சுத்தணும், அவ்வளவுதானே? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு ஏதாவது ரூல் இருக்கா?"

அவருக்குப் புரியலை. பேப்பர்ல படம் போட்டேன். முன்னாடி பாத்து ஓடினா கோயில் என் வலது கைப்பக்கம். திரும்பி நின்னு ரிவர்ஸ்ல ஓடினா கோயில் இடது கைப்பக்கம், பாரம் இடது காலுக்குப் போயிடும். ஆனா சுத்து? சுத்து அதே பிரதட்சிணம்!

மாமா பேப்பரைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தாரு. "இதைப் பத்தி யாரும் எதுவும் எழுதி வெச்சதாத் தெரியலையே..."

"எழுதலைன்னா தடையில்லைன்னு அர்த்தம். எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

வந்து சொன்னாரு!

அப்படித்தான் மாட வீதியில நான் ரிவர்ஸ்ல ஓட ஆரம்பிச்சேன். கன்னியம்மா அக்கா கடையில உக்காந்தபடியே கண்டக்டர் வேலை பாத்தாங்க. "வா... வா... லெப்டு ஒடி... மாடு கீது, மாடு கீது! போலாம் ரைட்!" நடுவுல ஒரு இளநி வண்டி, ரெண்டு சைக்கிள், ஒரு கல்யாண புரோக்கர் மேல மோதினேன். அந்த புரோக்கர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு, "பொண்ணு என்ன படிக்கறா?"ன்னு கேட்டாரு.

முட்டி வலி பாதி குறைஞ்சுது. திரும்பித் திரும்பிப் பாத்ததுல கழுத்து வலி வந்துது. பரவாயில்லை, கழுத்தால ஓடப் போறதில்லை.

இப்போ செலக்‌ஷன் நாளுக்கு வரேன்.

கோயில்ல உற்சவம் ஆரம்பிச்சுட்டாங்கங்கறதை மறந்துட்டேன். இது ஒண்ணுதான் என் தப்பு. ஒத்துக்கறேன்.

தெற்கு மாட வீதியில ரிவர்ஸ்ல போய்க்கிட்டு இருக்கேன். நான் இப்பதான் தாண்டி வந்த முனையில திடீர்னு நாதஸ்வரம், தீவட்டி, குடை. சாமி புறப்பாடு திரும்பி, நேரா என் மூஞ்சியப் பாத்து வருது! எனக்குப் பின்னாடி கூட்டம். நான் நடுவுல, சாமியைப் பாத்துக்கிட்டே பின்னாடி பின்னாடி போறேன்.

ஒரு பெரியவர் நெஞ்சுல கை வெச்சுட்டாரு. "பாத்தேளா! சாமிக்கு முதுகைக் காட்டக்கூடாதுன்னு பின்னாடியே நடந்துண்டு வர்றது! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!"

"இல்ல சார், இது முட்டிக்காக..."

"முட்டி வலியோடயா!"

கூட்டமே உச்சு கொட்டுது. சரி, ஓடிடலாம்னு திரும்பினேன். "முதுகைத் திருப்பாதே!" பழகின குரல். அனந்து மாமா! "இத்தனை நாள் கரெக்டா பண்ணிட்டு இன்னிக்கு, சாமியே எதிர்ல வரச்சே திரும்பறியே! முதல்ல ஷூவைக் கழட்டு!"

ஷூவைக் கழட்டி கன்னியம்மா அக்கா கையில குடுத்தேன். பஜனை மாமி ஒருத்தங்க, "சும்மா வராதே, தாளமாவது போடு"ன்னு கையில ஜால்ராவைத் திணிச்சாங்க. மிக்ஸி மாமிதான். மிக்ஸி சரியாயிடுச்சாம், சந்தோஷத்துல இருந்தாங்க.

ட்ராக் பேன்ட். வெறுங்கால். ஜால்ரா. ரிவர்ஸ்.

பத்து அடிக்கு ஒரு வீட்டு வாசல்ல தீபாராதனை. ஒவ்வொண்ணுக்கும் நிக்கணும். மேற்கு மாட வீதி திரும்பறப்போ மணி ஆறே கால். "மாமா, பீச்சுல எனக்கு செலக்‌ஷன்!" "சாமியே செலக்ட் பண்ணியாச்சு, இன்னும் என்ன?" வடக்கு மாட வீதியில குனிஞ்சு கூட்டத்துக்குள்ள நுழையப் பாத்தேன். ரெண்டு பேர் தூக்கி நிறுத்தி, நல்லாத் தெரியற மாதிரி முன்னாடி விட்டாங்க. "குழந்தைக்கு வழி விடுங்கோ!"

ஏழே காலுக்கு சாமி நிலைக்கு வந்தப்புறம்தான் என்னை விட்டாங்க. ஷூ? கன்னியம்மா அக்கா கடையை மூடிட்டு சாமி பின்னாடி போயாச்சு, ஷூவோட. வெறுங்காலோட கச்சேரி ரோட்ல பறந்தேன். முன்னாடி பாத்துதான். முட்டி 'கடக் கடக்'னு கூடவே தாளம் போட்டுது. பாதத்துல ரெண்டு கொப்புளம்.

பீச்சுல யாருமே இல்லை. மீன் கூடையோட போன அக்காவைக் கேட்டேன். "இங்க காலேஜ் பொண்ணுங்க ஓடினாங்களா?"

"ஓட்டமா? எவளும் ஓடலியே. ஆறு பொண்ணுங்க மணல்ல குந்திக்கினு இருந்துச்சுங்க. ரொம்ப நேரம் யாருக்கோ காத்துக்கினு இருந்துட்டு எழுந்து போய்ட்சிங்க."

சரி, இந்த மீன்கார அக்கா ஓட்டம் முடிஞ்சப்புறம் வந்திருப்பாங்கன்னு நினைச்சு அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் பாத்தா உங்க நோட்டீஸ். பி.டி. மேடம் ஊர்ல இல்லாததால மொத்தப் பொறுப்பும் உங்களோடதுன்னு மேலயே போட்டிருக்கீங்க. ஆறு பேர் பேரு, நேரா நிமிஷம், செகண்டு. கடைசியில என் கதை.

பத்மினி அக்கா, அதை நான் நாலு தடவை படிச்சேன். ஆறே முக்கால் மணிக்கு, வடக்கு மாட வீதியில, ஷூ இல்லாம, கையில ஜால்ராவோட நான் போனதை உங்க ரெண்டு கண்ணாலயும் பாத்ததா எழுதியிருக்கீங்க. கரெக்ட். ஒரு வார்த்தை தப்பில்லை.

செலக்‌ஷன் ஆறரைக்கு. பீச்சுல. காலேஜுக்கே ஸ்டாப் வாட்ச் ஒண்ணுதான், அது உங்க கழுத்துல.

அப்போ அந்த ஆறு பேருக்கும் செகண்டு சுத்தமா டைம் எடுத்தது யாரு?

பதிலை இங்கயே எழுதுங்க அக்கா, எல்லாரும் பாக்கற மாதிரி. கீழ இடம் விட்டிருக்கேன். குண்டூசி கூட ரெண்டு எக்ஸ்ட்ரா குத்தி வெச்சிருக்கேன்.